சாலவாக்கத்துக்கு எவ்வளவு? சவாரிக் கட்டண நிர்ணயம் குறித்த ஒரு முதற்கட்ட ஆய்வு

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்கும் ஆட்டோக்காரர் ஒருவரிடம், "சாலவாக்கம் போவணும், எவ்ளோ?" என்று ஐந்து பேர் தனித்தனியாகப் போய்க் கேட்டால் ஐந்து விடைகள் கிடைக்கும். ஐந்து ஆட்டோக்காரர்களிடம் ஒரே ஆள் போய்க் கேட்டால் ஒரே விடைதான் கிடைக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற எவரும், கட்டணம் வண்டியில் இல்லை, ஆளிடம் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடலாம். எவரும் வந்துவிடக்கூடிய முடிவை வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது. ஆகவே இந்தச் சிக்கலை இன்னும் கொஞ்சம் சிக்கலாக்குவது ஆய்வாளரின் கடமையாகிறது.

பெட்ரோல் விலை 2017 ஜூன் மாதத்திலிருந்து நாள்தோறும் காலை 6 மணிக்கு மாறலாம் என்பது முறை. மாறினாலும், அன்றைக்குப் பங்க்குக்கு வருகிற அமைச்சரின் காருக்கும் பால்காரரின் டிவிஎஸ் 50க்கும் விலை ஒன்றுதான். அதே பெட்ரோலை ஊற்றிக்கொண்டு ஓடும் வண்டியில் ஏறிய பிறகுதான் ஆளுக்கு ஆள் விலை பிரிகிறது. பங்க்கிலிருந்து ஸ்டாண்டுக்கு வரும் அந்த அரை கிலோமீட்டரில் என்ன நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

ஆய்வெல்லை

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டம், சாலவாக்கம் குறுவட்டம். ஒப்பீட்டுக்காகக் காஞ்சிபுரம், சென்னை, நியூயார்க், லண்டன் ஆகிய ஊர்களும் சேர்க்கப்பட்டுள்ளன. சாலவாக்கத்தோடு லண்டனை ஒப்பிடலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். லண்டனுக்கு ஒரு சட்டம் கிடைத்தது, நமக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தவிரப் பெரிய வேறுபாடு ஏதும் இல்லை என்பது பின்னால் விளங்கும். டிப்பர் லாரிக்குக் கை காட்டி ஏறிப் போகும் பயணம் இந்த ஆய்வில் சேராது. அதற்குக் கட்டணம் கிடையாது. இறங்கிய பிறகு குளித்தால் போதும்.

வெளியூர்க்காரரை இனங்காணுதல்

ஆய்வின் தொடக்கத்திலேயே ஓர் இடர் எதிர்ப்பட்டது. சாலவாக்கத்தில் சுற்றுலாப் பயணி என்ற இனமே இல்லை. உத்திரமேரூரில் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க மாணவர்கள் வருகிறார்கள், கேமராவோடு வரலாற்று ஆர்வலர்கள் வருகிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் இந்த ஊரின் பெயரைச் சொன்னதும் அரசியல்வாதிகளுக்கும் ஊர் தெரிந்துவிட்டது. மார்கழி, தை மாதங்களில் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களில் சிலர் இந்தப் பக்கம் தலை காட்டுவதும் உண்டு. சாலவாக்கத்தைப் பார்க்கவென்றே கிளம்பி வருகிறவர்தான் கிடையாது. அங்கே வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாம் காரியமாக வருகிறவர்கள். மாற்றலாகி வந்த ஆசிரியர், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், தேர்தல் வேலைக்கு வந்த அலுவலர், கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த சென்னைப் பேரன். நியூயார்க்கில் சுற்றுலாப் பயணி ஒருவராகச் சுமக்கும் பொருளாதாரப் பொறுப்பை இங்கே இவர்கள் பங்கு போட்டுச் சுமக்கிறார்கள்.

ஓட்டுநர் இவர்களை அடையாளம் காண்பதற்கு, பேருந்தின் கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைக்கும் நேரம் போதும். ஷூ ஓர் அடையாளம். முதுகில் தொங்கும் பை இன்னொன்று. இறங்கியதும் அண்ணாந்து ஊர்ப் பெயர்ப் பலகையைப் படிப்பது மூன்றாவது. உள்ளூர்க்காரர் தன் ஊர்ப் பலகையை ஆயுசில் படித்ததில்லை. இவை எல்லாம் துணைச் சான்றுகள். தீர்மானமான சான்று ஒன்றுதான்: வெளியூர்க்காரர் ஏறுவதற்கு முன்பு "எவ்வளவு?" என்று கேட்கிறார்.

உள்ளூர்க்காரர் கேட்பதில்லை. வருகிறார், ஏறுகிறார், "கொஞ்சம் தள்ளிக் குந்துமா" என்கிறார், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று வழியெல்லாம் பேசுகிறார், இறங்கும்போது ஒரு நோட்டை நீட்டுகிறார், மீதியை எண்ணாமல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிறார். தொடக்கம் முதல் முடிவு வரை எந்த எண்ணும் வாயிலிருந்து வருவதில்லை. ஆகக் கேட்டவருக்குத்தான் கட்டணம். கேட்காதவர் கொடுப்பது வழக்கம்.

இதை ஒரு மாதிரி நிகழ்வின் மூலம் விளக்கலாம். சென்னையிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் தனி சவாரி கேட்கிறான்.

"முந்நூறு ஆவும் தம்பி. ரிட்டன் ஒண்டியா வரணும் இல்ல?"

தம்பி அதிர்ச்சியை மறைத்துக்கொண்டு நூற்றைம்பது என்கிறான். ஓட்டுநர் பக்கத்து ஆட்டோக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறார். பக்கத்து ஆட்டோக்காரரும் சிரிக்கிறார். இது அந்தத் தொழிலின் ஒற்றுமைக்கு அடையாளம். பேச்சுவார்த்தை இருநூற்றைம்பதில் தேங்கி நிற்கும்போது, கீரைக் கூடையோடு ஒரு மூதாட்டி வந்து நிற்கிறார்.

"நீ யாரு வூட்டுக்குப் போற?"

"மேட்டுத் தெருவுல எங்க பாட்டி வீட்டுக்கு."

"யாரு, வாத்தியார் வூட்டுப் பொண்ணு பெத்த புள்ளையா நீ?" என்று கேட்ட மூதாட்டி, பதிலுக்குக் காத்திராமல் ஓட்டுநர் பக்கம் திரும்புகிறார். "ஏண்டா, நம்ம வாத்தியார் பேரன்கிட்டயா முந்நூறு கேக்கற?"

"அய்யய்யோ ஆயா, தம்பி சொல்லவே இல்லியே! குந்து தம்பி, நீ குடுக்கறத குடு."

முந்நூறிலிருந்து "குடுக்கறத குடு" வரைக்கும் விலை சரிந்ததற்கு இடையே பெட்ரோல் விலை குறையவில்லை, தூரம் குறையவில்லை, சாலையும் செப்பனிடப்படவில்லை. மூன்று தலைமுறைத் தகவல் மட்டும் கைமாறியது. இதற்கு உறவுமுறைத் தள்ளுபடி என்று பெயர் சூட்டலாம்.

ஆனால் இந்தத் தள்ளுபடியால் பயணிக்கு லாபம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. வாத்தியார் பேரன் என்று ஊருக்கே தெரிந்த பிறகு நூற்றைம்பதை நீட்ட அவனுக்குக் கை வராது. பாட்டி வீட்டு வாசலில் இறங்கும்போது முந்நூறையும் கொடுத்துவிடுகிறான். "எதுக்கு தம்பி இவ்ளோ" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுநர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைக்கிறார். கூடவே ஏறி வந்த மூதாட்டி எதுவும் கொடுத்ததாகப் பதிவு இல்லை.

கட்டணத்தின் உட்கூறுகள்

மேற்கண்ட நிகழ்விலிருந்து ஒரு சூத்திரம் பெறலாம். கட்டணம் என்பது தூரத்தை அறியாமையால் பெருக்கி, திரும்பும் கவலையைக் கூட்டி, உறவைக் கழித்தால் வருவது. இதில் தூரம் மட்டும் மாறாதது என்று பாடப்புத்தகங்கள் நினைக்கின்றன. களத்தில் அதுவும் மாறும். பயணி பேசும்போது சாலவாக்கம் "தோ, கூப்பிடு தூரம்". ஓட்டுநர் பேசும்போது அதே சாலவாக்கம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாலையோரத்து மைல்கல் இரண்டு தரப்புக்கும் பொதுவானது என்பதால் அதை இரண்டு தரப்பும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை.

திரும்பும் கவலை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் விளையாட்டுக்கு அப்பால், ஆட்டோக்காரர் தரப்பின் முழு நியாயமும் இங்கேதான் இருக்கிறது. மாநகரத்தில் ஒருவரை இறக்கிவிட்ட இடத்திலேயே அடுத்த ஆள் ஏறிவிடுவார். சாலவாக்கத்தில் இறக்கிவிட்டால், அங்கிருந்து உத்திரமேரூருக்கு வர வேண்டிய யாரோ ஒருவர் அந்த நேரம் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பியவர் பெண்ணாக இருந்தால், 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் அவருக்குக் கட்டணம் கிடையாது. பேருந்து வரும் என்ற நம்பிக்கை இருக்கிறவரை அவர் ஆட்டோவைத் திரும்பியும் பார்க்க மாட்டார். "பஸ்ஸு ஃப்ரீதாம்மா, பஸ்ஸு எங்கம்மா?" என்று ஓட்டுநர் கேட்பது வியாபார உத்தி மட்டும் இல்லை, வயிற்றெரிச்சலும்தான். ஆக, ஒரு வழிக்கு ஏறிய பயணி இரு வழிக்கும் எரிபொருள் ஊற்றுகிறார். இதை மறுக்க முடியாது. மறுக்க முடிந்தது ஒன்று உண்டு. திரும்பி வருகிற வண்டி பெரும்பாலும் காலியாக வருவதில்லை. வழியில் கை காட்டியவர்களை ஏற்றிக்கொண்டே வருகிறது. அவர்கள் கொடுத்த பணத்தை முதல் பயணியின் கணக்கில் கழித்துக்கொண்ட ஓட்டுநர் எவரும் இந்த ஆய்வில் அகப்படவில்லை.

ஷேர் ஆட்டோவுக்கு இந்தக் கவலை இல்லை. அதற்கு வேறு கவலை. சாதாரண ஆட்டோவில் சட்டப்படி ஏறத்தக்கவர்கள் மூவர். ஸ்டாண்டில் நிற்கும் வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டால், "இன்னும் ஒரு ஆளு வந்தா எடுத்துடலாம்" என்பார்கள். மூவர் இருக்கும்போதும் இதே விடைதான், ஆறு பேர் இருக்கும்போதும் இதே விடைதான். ஓட்டுநருக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து, அவர் ஒரு தொடையில் மட்டும் அமர்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் நிலையிலும் வர வேண்டியவர் ஒருவர் பாக்கி இருக்கிறார். அந்த ஒருவர் யார் என்பது சித்தாந்திகள் ஆராய வேண்டிய விஷயம்.

மழை, போனி, சுமை ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மழை பெய்தால் கூடும். முதல் சவாரி என்றால் "போனி சார், பேரம் பேசாதீங்க" என்பார்கள். கடைசி சவாரி என்றால் வீட்டுக்குப் போகிறவரை நிறுத்திவிட்டதாகச் சொல்வார்கள். இடைப்பட்ட சவாரிக்கு வெயில் இருக்கிறது. இரவுக்கு மட்டும் விளக்கம் தேவை. சென்னைக்கான அரசாணையில் இரவு என்பது 11 மணிக்குத் தொடங்கி அதிகாலை 5 மணிக்கு முடிவது. அதற்குப் பாதிக் கட்டணம் கூடுதல். சாலவாக்கம் தடத்தில் இரவு என்பது கடைசிப் பேருந்தின் பின்விளக்கு வளைவில் மறையும் கணத்தில் தொடங்குகிறது. பேருந்து வராமல் போன நாளில் மாலை வெயில் இருக்கும்போதே இரவு வந்துவிடும்.

சாலையும் ஒரு உட்கூறு. சாலவாக்கம் சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகள் அதிகம். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் இரவும் பகலும் ஓடினால் சாலை என்ன ஆகுமோ அது ஆகிறது. "ரோட்டப் பாத்தீங்களா சார்?" என்பது கேள்வி போலத் தோன்றினாலும் உண்மையில் அது ஒரு தொகை. சாலையைப் புதிதாகப் போட்டால் இந்தத் தொகை நீங்கிவிடும் என்று நினைப்பது அனுபவமின்மை. அப்போது, "ரோடு சூப்பரா இருக்குது சார், பத்தே நிமிசத்துல வுட்டுடறேன்" என்று விரைவுக்கான தொகையாக அது மறுபிறவி எடுக்கும்.

சில்லறையின் வரலாறு தனி நூலுக்கு உரியது. முன்பெல்லாம் இருநூற்று எழுபதுக்குப் பேசி ஏறியவர் மூன்று நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், ஓட்டுநர் எல்லாப் பைகளையும் தடவிப் பார்த்து, எதிர்க்கடையையும் ஒருமுறை பார்த்து, "சில்லற இல்லியே சார்" என்பார். முப்பது ரூபாய் காற்றில் கரையும். ஜிபே வந்ததும் இந்தக் கலை அழிந்துவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அழியவில்லை, இடம் மாறியது. இப்போது இருநூற்று எழுபது அனுப்ப முயலும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "டவர் இல்ல சார், கேஷ் இருந்தா குடுத்துடுங்க." கேஷாக இருப்பது மூன்று நூறு ரூபாய்த் தாள்கள்.

சட்டம் சொல்வது

சென்னைக்கு அரசு கட்டணம் நிர்ணயித்திருக்கிறது. 2007இல் முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், அதன் மேல் கிலோமீட்டருக்கு 6 ரூபாய். 2013 ஆகஸ்டில் அது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று ஆனது. காத்திருந்தால் 5 நிமிடத்துக்கு 3 ரூபாய் 50 காசு. அதன் பிறகு பத்தாண்டுக்கு மேல் அரசு அந்தக் கணக்கைத் தொடவில்லை. 2025 பிப்ரவரி 1 முதல் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதன் மேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று ஓட்டுநர் சங்கங்கள் தாங்களே அறிவித்துக்கொண்டன. அப்படி வாங்கினால் நடவடிக்கை என்று அரசுத் தரப்பு எச்சரித்தது. ஒரு தரப்பு நிர்ணயிக்காது, இன்னொரு தரப்பு நிர்ணயிக்கக் கூடாது. நடுவில் நிற்கிறவர் ஏற வேண்டும்.

இந்த அட்டவணைகள் சாலவாக்கத்துக்குப் பொருந்தா. பொருந்தும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு 12 கிலோமீட்டர் பயணத்தைக் கணக்கிட்டால், 2007இன்படி 74 ரூபாய், 2013இன்படி 147 ரூபாய் 40 காசு, சங்கங்களின்படி 233 ரூபாய் 60 காசு. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போயின. மிஞ்சியது 50 பைசா. ஆகவே 2013ஆம் ஆண்டின் சட்டப்படியான கட்டணத்தை, நாட்டின் சட்டப்படியான நாணயத்தைக் கொண்டு சரியாகச் செலுத்த வழியில்லை. நேர்மையான பயணியும் நேர்மையான ஓட்டுநரும் சந்தித்துக்கொண்டாலும், 40 காசு விஷயத்தில் இருவரில் ஒருவர் ஏமாந்துதான் தீர வேண்டும். பேரம் இந்த இடுக்கில்தான் முதலில் தலையை நுழைத்திருக்க வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

2 கிலோமீட்டரிலிருந்து 200 மீட்டர் ஏன் கழிக்கப்பட்டது என்பதும் ஆய்வுக்குரியது. அந்த 200 மீட்டரைத்தான் பயணிகள் "இங்கயே எறங்கிக்கறேன்" என்று சொல்லி நடந்து தீர்க்கிறார்கள்.

இலக்கிய மீளாய்வு

1971இல் வெளியாகி, எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கித் தந்த ‘ரிக்‌ஷாக்காரன்’. 1995இல் வந்த ‘பாட்சா’. ரிக்‌ஷாவும் ஆட்டோவும் ஓட்டிய இந்தப் படங்களின் நாயகர்கள் இருவரும் ஊருக்கு நியாயம் வாங்கித் தருவதில் காட்டிய அக்கறையைக் கட்டண விகிதத்தில் காட்டவில்லை. 1973இல் கலைஞர் கருணாநிதியின் அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. மனிதரை மனிதர் இழுப்பது நின்றது. பேரத்தில் ஒருவரை ஒருவர் இழுப்பது நிற்கவில்லை.

பட்டுச் சேலைக் காரணி

காஞ்சிபுரத்துக்கு வந்தால் சூத்திரம் தலைகீழாகிறது. இங்கே உண்மையான சுற்றுலாப் பயணி உண்டு. அவரைப் பார்த்ததும் கட்டணம் ஏறாமல் இறங்குகிறது என்பதுதான் விந்தை. ஏகாம்பரநாதர், கைலாசநாதர், காமாட்சி, வரதர் நான்கையும் சுற்றிக் காட்டி, சொல்லவே கூச்சப்படும் அளவுக்குக் குறைவான ஒரு தொகையைக் கேட்கிறார் ஓட்டுநர். இவ்வளவு நல்லவரா என்று பயணி நெகிழ்கிறார்.

மூன்றாவது கோயிலுக்குப் போவதற்குள் நண்பகல் ஆகிவிடுகிறது. நடை சாத்திவிட்டார்கள், இனி மாலை 4 மணிக்குத்தான். "சும்மா வெயில்ல நிக்கறதுக்கு, நெசவு பாக்கறீங்களா சார்? வாங்க வேணாம், பாத்தா போதும்." பார்க்கிற இடத்தில் ஏசி ஓடுகிறது, பன்னீர் சோடா வருகிறது, விரிப்பின் மேல் நாற்பது சேலைகள் பிரித்துப் போடப்படுகின்றன. விலை கேட்காமல் எழுந்து வருவதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். ஓட்டுநர் வாசலில் வண்டியில் சாய்ந்து படுத்திருக்கிறார். பயணி சேலை வாங்கினால் கடை அவருக்கு ஒரு பங்கு தருகிறது. கட்டணம் குறைந்ததன் மர்மம் இதுதான்: சவாரிக்குப் பணம் கொடுத்தவர் பயணியின் மனைவி, ஆனால் அவர் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பது முந்தானைக்கு.

சாலவாக்கத்தில் பட்டுக்கடை இல்லை. ஆகவே அங்கே பயணி தன் கட்டணத்தைத் தானே சுமக்க வேண்டியிருக்கிறது.

கடல் கடந்த சான்றுகள்

நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் பக்கம் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் ஓடுகின்றன. பலகையில் எழுதியிருக்கும் தொகை குறைவாகத்தான் தோன்றும். அது ஒரு நிமிடத்துக்கான தொகை என்பதை வெளிநாட்டுப் பயணி இறங்கும்போதுதான் கவனிக்கிறார். அங்கே நிமிடக் கணக்கில்தான் கட்டணம் வாங்க வேண்டும் என்று விதி. ஆகவே மெதுவாக மிதிக்கிறவருக்கு லாபம் அதிகம். உலகத்தில் சோம்பலுக்கு நேரடியாகச் சம்பளம் கொடுக்கும் போக்குவரத்து இதுவாகத்தான் இருக்க வேண்டும். நம் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் அந்த ஒருவர் வருகிறவரைக்கும் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தாலும் நிமிடத்துக்கு ஒரு காசு வாங்குவதில்லை. இந்தப் பெருந்தன்மையை நியூயார்க் மாநகரம் கற்றுக்கொள்ள வேண்டும்.

லண்டனின் நிலைமை இன்னும் சுவையானது. 1869ஆம் ஆண்டின் வாடகை வண்டிச் சட்டத்தில் சைக்கிள் ரிக்‌ஷா எந்த வகையில் சேரும் என்ற குழப்பத்தால், அங்கே நெடுங்காலம் அதற்கு உரிமமும் இல்லை, கட்டண வரம்பும் இல்லை. ஆக்ஸ்போர்டு தெருவில் நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு கொடுத்த பயணிகளின் புலம்பல் நாளிதழ்களில் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 2024இல் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, கட்டணத்தை வரையறுக்கும் அதிகாரத்தை லண்டன் போக்குவரத்து அமைப்புக்குக் கொடுத்தது. உலகத்தில் கால்வாசியை ஆண்ட அரசுக்கு மூன்று சக்கரத்தை ஆளும் சட்டம் போட அவ்வளவு காலம் பிடித்தது. நம் ஊர் அலுவலகங்களைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கல்வெட்டுச் சான்று

இனி உள்ளூர்ச் சான்று. உத்திரமேரூர்ச் சபையார் முதலாம் பராந்தகன் காலத்தில் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். 30 குடும்புகள், அதாவது வார்டுகள். நிற்கிறவருக்கு 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் கூடாது, அவர் உறவினரும் கூடாது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள்.

ஆட்டோ வாரியம் இல்லை. இதைக் கல்வெட்டின் குறை என்று சொல்ல முடியாது. ஆனால் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. விதி வெட்டப்பட்டது 919இல். அது போதவில்லை என்று கண்டு, 921இல் திருத்தி விரிவாக மறுபடி வெட்டினார்கள். உளியைப் பிடித்துக் கல்லில் எழுத வேண்டிய காலத்தில் இரண்டு ஆண்டில் திருத்தம் வந்தது. கணினியில் ஒரு எண்ணை மாற்ற வேண்டிய காலத்தில் பத்தாண்டு போதவில்லை.

பக்கத்திலேயே திருமுக்கூடல் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. வைத்தியருக்கு எவ்வளவு, அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மருந்து கொண்டு வருபவருக்கு எவ்வளவு என்று நெல்லாகவும் காசாகவும் கணக்கிட்டு வெட்டியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். யாரிடமும் "நீங்களே பாத்துக் குடுங்க" என்று அந்தக் கல் சொல்வதில்லை.

இந்தச் சான்றுகளின் அடிப்படையில் குடவோலை முறையைச் சவாரிக் கட்டணத்துக்கு நீட்டிக்கலாமா என்று இவ்வாய்வாளர் யோசித்ததுண்டு. நூற்றைம்பது, இருநூறு, இருநூற்றைம்பது, முந்நூறு என்று ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஸ்டாண்டுக்கு எதிரே விளையாடும் ஒரு பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வது. நடைமுறையில் ஒரு தடை இருக்கிறது. குடத்தில் கை விடுவதற்கு முன் யாராவது அவனிடம், "நீ யாரு வூட்டுப் புள்ளடா?" என்று கேட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு நடுநிலை இருக்காது.

ஆகவே மிச்சம் இருப்பது எளிய வழி. உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் ஒரு பலகை. சாலவாக்கம், திருமுக்கூடல், வேடந்தாங்கல், செங்கல்பட்டு என்று ஊர்ப் பெயர்கள். தனி சவாரிக்கு இவ்வளவு, ஷேருக்கு இவ்வளவு, கடைசிப் பேருந்து போன பிறகு இவ்வளவு. திரும்பும் செலவையும் ஒளிக்காமல் அதிலேயே சேர்த்து, 40 காசு இல்லாமல் முழு ரூபாயில் எழுதி, ஓட்டுநர்களையும் உட்கார வைத்துப் பேசி, ஆண்டுக்கொரு முறை திருத்தினால் போதும். கல்லில் வெட்ட வேண்டாம், பெயின்டில் எழுதினால் போதும். வட்டாட்சியரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் பேரூராட்சியும் இதைக் கவனிக்க வேண்டும்.

பலகை வருகிறவரை, சாலவாக்கம் போகிறவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். பத்தும் இருபதுமாகச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பு, யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.